இழந்த தொழிலும் ஏற்ற தொழிலும்: ‘ரு சேர், வித் லவ்’ – ஒரு நோக்கு

புலம்பெயர்ந்தோர் பற்றிய இலக்கியங்களைத் திறனாய்வோர் தாயக ஏக்கத்தையும் பண்பாட்டு முரண்பாட்டையுமே பெரும்பாலும் முதன்மைப்படுத்துவர். கற்றுத் தேர்ந்த தொழிலுடன் சென்ற ஒருவன் அத்தொழிலைச் செய்யவியலாது போகும் அவலம் அவர்தம் கவனத்தை அத்துணை ஈர்ப்பதில்லை. ஈ. ஆர். பிறேத்வெயிற் 1959 இல் வெளியிட்ட ‘ரு சேர், வித் லவ்’ என்னும் சுயசரிதைப் பாங்கான நாவலுக்கும் இக்கதியே நேர்ந்தது. முரட்டு மாணவரை அன்பினால் வென்ற நல்லாசிரியன் ஒருவனின் கதையாகவே அது போற்றப்படுகின்றது. ஆயின், அடிப்படையில் அது வேலை மறுக்கப்பட்ட பொறியியலாளன் ஒருவனின் கதையாகும்.

பிறேத்வெயிற் 1912 இல் அன்றைய பிரித்தானிய கயானாவிற் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய வான்படையிற் பணியாற்றியவர். நாவலின் கதைசொல்லியும் அத்தகையவனே. சீருடையில் இருந்தவரை மதிக்கப்பட்ட அவன், அதனைக் களைந்து இலண்டனில் வேலை தேடத் தொடங்கியதும் வெறுங் கறுப்பனாகின்றான். ஒரு நிறுவனம், தொழில்நுட்ப வினாக்களுக்கெல்லாம் அவன் தக்க விடையளித்த பின்னர், அப்பதவி அவனை ஆங்கில ஊழியருக்கு மேலாக அமர்த்திவிடும் எனக் கூறி மறுக்கின்றது. பிறிதோரிடத்தில் அவனது தகைமை வேலைக்கு மிஞ்சியதாகிவிடுகின்றது. தகைமையோடு நிறத்தையும் குறிப்பிட்டு அவன் விளம்பரம் செய்தும் எவரும் முன்வரவில்லை; நிறத்தைக் குறிப்பிடாது விண்ணப்பித்தாலோ, நேரிற் கண்டதும் கதவு அடைக்கப்படுகின்றது. பிரித்தானியன் என்ற உணர்வோடு வளர்க்கப்பட்டவன் பிரித்தானியாவில் அந்நியனாகின்றான். இவ்வுண்மையை மிகையுணர்ச்சியின்றி விவரணஞ் செய்யும் இப்பகுதியே நாவலின் மிகச்சிறந்த பகுதி எனலாம்.

இவ்வனுபவத்தைத் தனிமனித அவமானமாக மட்டும் நோக்குதல் தவறு. 1948 ஆம் ஆண்டின் பிரித்தானியத் தேசியச் சட்டம் குடியேற்றநாட்டு மக்களையும் பிரித்தானியக் குடிமக்களாக ஏற்றது. நாட்டினுட் புகும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஆனால் வேலைத்தலத்தின் வாயிலில் அவ்வுரிமை செல்லுபடியாகவில்லை. 1965 இல் இயற்றப்பட்ட இன உறவுகள் சட்டமும் பொது இடங்களில் காட்டப்படும் பாகுபாட்டையே தடைசெய்தது. வேலைவாய்ப்பில் நிறபேதம் காட்டுதல் சட்டவிரோதமானது 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரேயாகும். அதுவரை, நிறத்தைக் காரணங்காட்டி மறுத்த முதலாளி சட்டத்தின் முன் குற்றவாளியல்லன்.

கதைசொல்லிக்கு ஈற்றிற் கிடைப்பது கிழக்கு இலண்டனின் வறிய பகுதியிலுள்ள பாடசாலை ஒன்றில் ஆசிரியப் பதவி. அத்தகைய பாடசாலைகளுக்கு ஆசிரியர் கிடைப்பது அரிது என்பதைப் பூங்காவிற் சந்திக்கும் முதியவர் ஒருவரே அவனுக்கு உணர்த்துகின்றார். பிறர் விரும்பாத இடமே வந்தேறியவனுக்கு எஞ்சும் இடம் என்னும் பொருளியல் உண்மை இங்கு வெளிப்படுகின்றது. ஆயினும், ஆசிரியர் இவ்விழையைத் தொடர்ந்து பின்னவில்லை. வகுப்பறை வெற்றிகள் பெருகப் பெருக, பொறியியலாளனின் இழப்பு மங்கிவிடுகின்றது. ஆசிரியத்தொழில் மேன்மையானதே, எனினும் ஒரு தொழிலின் மேன்மை மற்றொன்றைப் பறித்த அநீதிக்கு ஈடாகாது. இதுவே நாவலின் முதன்மையான குறைபாடாகும்.

ஜேம்ஸ் கிளவெல் 1967 இல் நெறிப்படுத்திய திரைப்படம் இக்குறைபாட்டைத் திரிபாகவே மாற்றிவிடுகின்றது. சிட்னி பொய்ற்றியர் நடித்த கதாநாயகன் பொறியியல் வேலை தேடிக்கொண்டே கற்பிக்கின்றான். ஈற்றில் வேலைவாய்ப்புக் கடிதம் வருகின்றது. அவனோ அதனைக் கிழித்தெறிந்து ஆசிரியனாகவே தங்கிவிடுகின்றான். நாவலில் அடைபட்டிருந்த கதவு படத்திலே திறக்கின்றது. திறந்த கதவை நாயகன் தானே சாத்துகின்றான். மறுத்தவர்களின் குற்றம் மறுக்கப்பட்டவனின் தியாகமாக உருமாறுகின்றது. இப்படம் வெளிவந்த ஆண்டில், நிறத்தின் பேரால் வேலை மறுப்பது பிரித்தானியாவில் இன்னும் சட்டத்துக்கு உட்பட்டதாகவே இருந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பார்வையாளர் கண்ணீர் மல்க வெளியேறலாம். ஆனால் அக்கண்ணீர் எவரையும் குற்றஞ்சாட்டாத கண்ணீராகும்.

பிறேத்வெயிற் பின்னாளிற் சமூக சேவையாளராகவும், எழுத்தாளராகவும், கயானாவின் இராஜதந்திரியாகவும் விளங்கி, 2016 இல் தமது 104 ஆவது வயதிற் காலமானார். இத்தகைய வாழ்வை எடுத்துக்காட்டி, முயன்றால் எவரும் உயரலாம் என வாதிப்போர் உளர். விதிவிலக்கானவரின் வெற்றியைக்கொண்டு விதியை நியாயப்படுத்தல் ஆகாது. கனடாவின் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு, கனேடிய அனுபவம் வேண்டும் என வேலைதருநர் வற்புறுத்துவது முதற்றோற்றத்திற் பாரபட்சமே என 2013 இல் அறிவிக்க வேண்டியிருந்தது. நிறம் என வெளிப்படையாகச் சொல்லப்பட்டது அனுபவம் என்னும் நயமான சொல்லினுள் ஒளிந்துகொள்ளக் கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பட்டம் பெற்றுப் புள்ளிமுறையில் அந்நாடுகளுக்குக் குடிபெயர்வோருக்கு இந்நாவல் அந்நியமானதன்று. கல்வித்தகைமைக்குப் புள்ளி வழங்கி வரவேற்கும் அரசு வேறு. அத்தகைமையைப் பொருட்படுத்தாத வேலைதருநர் வேறு. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டவனின் பொறுமையைப் புகழ்வதோடு இலக்கியம் அமைந்துவிடலாகாது. அப்பொறுமையை அவசியமாக்கியவர் யார் என்றும் அது வினவுதல் வேண்டும். பிறேத்வெயிற்றின் முதற்பக்கங்கள் அவ்வினாவை எழுப்புகின்றன. அவற்றின் பொருட்டாவது இந்நாவல் மீண்டும் படிக்கப்படத்தக்கது.