பின்பலகை யார் பக்கம்?

ஜீப்பின் பின்புறத்தில் மரத்தில் இழுப்பறை அடித்துக்கொள்பவர்கள் தங்கள் பெட்டியைப் பற்றி ஒரே விதமாகத்தான் பெருமைப்படுகிறார்கள்: "நம்ம ஆசாரி செஞ்சது, யானை ஏறி நின்னாலும் தாங்கும்." தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் ஓடும் வண்டியில் அந்தப் பெட்டிக்கு வரும் சோதனை மேலிருந்து வருவதில்லை.

இந்தப் பழக்கத்தின் நன்மைகளை மறுக்க மாட்டேன். கம்பெனி இழுப்பறைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் நெடும்பயணங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை, விலையும் அதற்கேற்றது. எங்கள் ஒரத்தநாட்டில் மர இழைப்பகமும் ஆசாரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த பலாவையும் தேக்கையும் அறுத்து அடுக்கி வைத்த வீடுகள் இந்தப் பக்கம் உண்டு. சக்கர வளைவை ஒட்டி அங்குலம் வீணாகாமல் பெட்டி அடிக்க நம் ஆசாரிகளால் முடியும். உடைந்தால் அவர்களே சரிசெய்து கொடுப்பார்கள். ஊர் ஊராகப் போகும் கால்நடை மருத்துவருக்கு ஊசியும் மருந்தும் கயிறும் தனித்தனி அறையில் இருப்பது பெரிய உதவி. ஐப்பசி மழையில் மரம் ஊதி டிராயர் இறுகுகிறது என்று குறைசொல்பவர்கள் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள ஒட்டுப்பலகையை வாங்கி, ஓரங்களுக்கும் வார்னிஷ் அடித்தால் போதும். அது பெரிய குறையல்ல.

எடையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எட்டுக்கு நான்கு அடியில் 18 மி.மீ. பலகை ஒன்று சுமார் 35 கிலோ. இரண்டு டிராயர் வைத்த பெட்டிக்கு இரண்டு பலகை வேண்டும். சேனல், பூட்டு எல்லாம் சேர்த்தால் 80 கிலோவைத் தொடும். ஜிம்னி போன்ற சிறிய ஜீப்பே சுமார் 1200 கிலோதான். ஆளும் சுமையும் சேர்த்து அதற்கு விதித்த வரம்பு 1545. சாமான் ஏற்றுவதற்கு முன்பே ஒரு ஆளின் இடத்தை மரம் எடுத்துக்கொள்கிறது.

நான் நெடுநாளாகச் சொல்லிவருவது வேறு. இந்தப் பெட்டிகளைத் தரையோடு பிடித்துவைப்பது எது? பெரும்பாலும் நான்கு எல் கிளாம்ப், சில ஸ்க்ரூ. சிலர் அதுவும் வேண்டாம் என்கிறார்கள்: "எண்பது கிலோ பெட்டி, எங்க போயிடும்?" விரிப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டியை உராய்வு மட்டும் பிடித்திருந்தால், அதன் எடையில் ஏறக்குறையப் பாதி அளவு விசையே அதை நகர்த்தப் போதும். காய்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை முழுதாக மிதித்தால் வரும் விசை அதைவிட அதிகம். அதாவது மோதலே தேவையில்லை. பட்டுக்கோட்டைச் சாலையில் குறுக்கே ஒரு மாடு வந்தால் போதும்.

மோதினால் என்ன ஆகும்? மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி எதிலாவது மோதி, முன்பக்கம் ஒரு மீட்டர் நசுங்கி நிற்பதாகத் தாராளமாகவே கணக்கிடுவோம். அந்தக் கணத்தில் பின்னால் இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போலப் பத்து மடங்கு விசையோடு முன்னால் பாயும். பெட்டி 80 கிலோ, உள்ளே ஜாக்கி, ஸ்பானர், தண்ணீர் என்று 40 கிலோ. பத்து மடங்கு என்றால் 1200 கிலோ. ஒட்டுப்பலகையின் ஓரத்தில் ஏற்றிய ஸ்க்ரூ அடுக்குகளுக்கு நடுவே போய் அவற்றைப் பிளக்குமே தவிர, இந்த இழுப்புக்கு நிற்காது. பின் இருக்கையைக் கழற்றிவிட்டு அடித்த பெட்டி என்றால், அதற்கும் ஓட்டுபவரின் முதுகுக்கும் நடுவே இருப்பது முன் இருக்கையின் சாய்மானம் மட்டுமே.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது பின்பலகை. வீட்டு அலமாரியில் ஆசாரி பின்பலகைக்கு மெல்லிய ஒட்டுப்பலகையை எடுத்து ஆணியடித்து விடுகிறார். அங்கே அது சரிதான். அலமாரியின் பின்னால் இருப்பது சுவர், அந்தப் பலகைக்கு எந்தப் பாரமும் இல்லை. அதே பெட்டியை வண்டியில் வைத்துப் பாருங்கள். டிராயர்கள் பின்கதவுப் பக்கம் திறக்கின்றன. ஆகவே அந்த மெல்லிய பின்பலகை, உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. பெட்டி தரையில் எவ்வளவு உறுதியாக நின்றாலும், உள்ளே இருக்கும் டிராயர் முன்னோக்கிப் பாய்ந்து முதலில் இடிப்பது அந்தப் பலகையைத்தான். பெட்டியிலேயே அதிகம் தாங்க வேண்டிய இடத்தில் மிக மெலிந்த மரம்! இதைச் சொன்னால், மேல்பலகையைத் தட்டிக் காட்டி "எவ்ளோ கெட்டி பாருங்க" என்கிறார்கள்.

ஆசாரிகளைக் குறைசொல்லிப் பயனில்லை. மாட்டு வண்டி செய்த கைகள் ஓட்டத்தை அறிந்தவை. அச்சிலிருந்து சக்கரம் கழலாமல் கடையாணி, பாரம் சரியாமல் முளைக்குச்சி என்று வண்டியில் எது எந்தத் திசையில் நழுவும் என்று எண்ணித்தான் வேலை செய்தார்கள். இன்றைக்கு ஆசாரியிடம் வண்டி உரிமையாளர் கேட்பது அலமாரி. அதைத்தான் அவர் செய்து கொடுக்கிறார்.

செய்ய வேண்டியதில் புதிர் ஒன்றுமில்லை. பழைய பொலேரோவில் பக்கவாட்டு இருக்கைகளைக் கழற்றினால், மனிதர்களைத் தாங்குவதற்கென்றே கம்பெனி போட்ட போல்ட் துளைகள் மிஞ்சுகின்றன. வெல்டிங் பட்டறையில் ஆங்கிளில் ஒரு சட்டம் செய்து அந்தத் துளைகளில் இறுக்கலாம். துளை எட்டாத இடத்தில், டீசல் டேங்க்கும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்தபின் தரையைத் துளைத்து, அடியில் அகலமான இரும்புப் பட்டை வைத்து போல்ட் போடலாம். பின்பலகையும் 18 மி.மீ. இருக்கட்டும், அதன் முன்னால் சட்டத்தின் குறுக்குக் கம்பி ஒன்று ஓடட்டும். இருக்கையைக் கழற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ.விடம் கேட்டுக்கொள்வதும் நல்லது; வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இரும்பு வந்தால் மர வேலையின் அழகு போய்விடும் என்பது இன்னொரு வாதம். இரும்புச் சட்டம் விரிப்புக்கு அடியில் மறைந்துவிடும். ஆங்கிளும் போல்ட்டும் அரைநாள் வெல்டிங் கூலியும் பெட்டியின் மொத்தச் செலவில் சிறு பங்கு. அதை வேண்டாம் என்று மிச்சம்பிடித்தவர்கள் மேல்பலகைக்கு மைக்கா ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.