காகேத்தியின் சிவப்பும் வெள்ளையும்

ஜார்ஜியாவின் கிழக்கே, காகசஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது காகேத்தி. அங்கே ஒயின் பிறப்பது மண்ணுக்குள். உள்ளே தேன்மெழுகு பூசிய பெரிய களிமண் சாடியைக் கழுத்துவரை புதைத்து, திராட்சையை அதில் புளிக்க விடுகிறார்கள். 'க்வெவ்ரி' எனும் இந்தச் சாடி முறையை 2013இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ர்காட்சிதெலி என்ற வெள்ளைத் திராட்சையைத் தோலும் காம்புமாக மாதக்கணக்கில் ஊறவிடுவதால் ஒயின் தேன் நிறத்துக்கு வந்துவிடும்; கட்டன் தேநீரின் துவர்ப்பும் சேரும். வால்நட் விழுது வைத்துச் சுருட்டிய கத்தரிக்காயைத் தின்றபின் ஒரு மிடறு குடித்தால், நாக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை அந்தத் துவர்ப்பு வழித்தெடுத்துவிடும். இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியாது. ஐரோப்பிய முறையில் செய்யும் சினந்தாலி வெள்ளை இலேசானது, மீனுக்கு ஏற்றது.

சிவப்பென்றால் சபெராவிதான். பழத்தின் சதையே சிவப்பு என்பதால் கோப்பையில் ஏறக்குறைய கறுப்பாகவே நிற்கும். புளிப்பும் தூக்கல். திராட்சைக்கொடித் தணலில் சுட்ட 'ம்த்ஸ்வாதி' இறைச்சியோடு குடிக்க அதற்கு ஈடில்லை.

ஒன்று மட்டும்: தேன்நிற ஒயினை ஜில்லென்று குளிரவைத்துவிடாதீர்கள், மணம் அடங்கிவிடும்.