எல்லா வேஷமும் தெரிந்த பையன்

திருச்சியில் சங்கிலியாண்டபுரத்துக்கும் நம் கே.கே. நகருக்கும் அதிக தூரமில்லை. ஆனாலும் இங்கே குடிவந்து பல வருஷமானவர்கள்கூட, தமிழ் நடிப்பின் மூன்று பெரிய பெயர்கள் அந்தப் பேட்டையோடு பிணைந்தவை என்பதை அறியாமல் இருக்கிறார்கள். வி.சி. கணேசன் என்ற சிவாஜி கணேசன் சிறுவனாக வளர்ந்தது அங்கே. நடிகவேள் எம்.ஆர். ராதா தம் கடைசி நாட்களைக் கழித்து, 1979 செப்டம்பர் 17 அன்று கண்மூடியது அங்கே. எம்.கே. தியாகராஜ பாகவதர் 1959 நவம்பர் 1-இல் சென்னையில் காலமானபின் அவருடைய சமாதி அமைந்ததும் அங்கேதான். மூன்று பேரும் மூன்று வேறு பள்ளிகள். இவர்களில் பல வேஷம் என்ற வித்தையில் முன்னால் நிற்பவர் கணேசன். அவர் எந்தப் பள்ளியில் படித்தார், அந்தப் பள்ளி எதைத் தேர்ச்சி என்று வைத்திருந்தது என்பதைத்தான் இந்த மலரில் எழுத விரும்பினேன்.

முதலில் பாட்டுப் பள்ளி. திருச்சியில் அதன் முகம் எப்.ஜி. நடேச ஐயர். தென்னிந்திய ரயில்வே அதிகாரி, நாடகப் பித்தர், ரசிக ரஞ்சன சபாவை நிறுவியவர். 1938-இல் வந்த ‘சேவாசதனம்’ படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியோடு நடித்ததும் இவர்தான். இவர் சபாவின் ‘ஹரிச்சந்திரா’வில் லோகிதாசனாக மேடையேறிய சிறுவன்தான் பின்னாளைய பாகவதர். நாடகமாக ஊர் ஊராகப் பாடிய ‘பவளக்கொடி’யே 1934-இல் அவருக்கு முதல் படமானது. பத்து வருஷம் கழித்து ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. இந்தப் பள்ளியில் குரல்தான் எல்லாம். கதாபாத்திரம் அழவேண்டிய இடத்தில் ராகம் அழும். முகம் சாந்தமாகவே இருக்கலாம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ஒருவர் பத்து மனிதராக மாறவேண்டும் என்ற எதிர்பார்ப்பே கிடையாது. பாகவதர் எந்த வேஷம் போட்டாலும் ஜனங்கள் பாகவதரைத்தான் கேட்க வந்தார்கள்.

ஒருவரே பலராக மாறும் வித்தை காவிரிக்கு அக்கரையில் பழசு. ஸ்ரீரங்கத்தில் மார்கழி அத்யயன உற்சவத்தில் அரையர் சேவை பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது உடனே புரியும். தலையில் குல்லாய், கையில் தாளம், அவ்வளவுதான் அலங்காரம். முத்துக்குறியின்போது அரையர் ஒருவரே பெருமாளை நினைந்து உருகும் நாயகியாகவும், அவளுடைய தாயாகவும், குறிசொல்லும் கட்டுவிச்சியாகவும் ஆகிறார். உடை மாறாது, திரை விழாது. குரலும் கண்ணும் நிற்கிற நிலையும் மாறினால் ஆளே மாறிவிடுகிறார். கம்பெனி நாடகம் இதிலிருந்து பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டும் வெவ்வேறு உலகம். ஆனாலும் பல வேஷத்தை ஓர் உடம்பில் பார்த்து மதிப்பிடும் கண் இந்த மண்ணில் வெகுகாலமாக உண்டு.

இனி கம்பெனிப் பள்ளி. நான் அதிகம் பேச விரும்புவது இதைப்பற்றித்தான்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த சிறுவர்களில் டி.கே. சண்முகமும் அவருடைய சகோதரர்களும் இருந்தார்கள். பெரிய நடிகர்கள் வாத்தியாருக்கு அடங்குவதில்லை, பாடத்தை மாற்றிப் பேசுகிறார்கள் என்ற சலிப்பிலிருந்து வந்த ஏற்பாடுதான் இந்தப் பாலர் சபைகள். பையன்களைக் கம்பெனி வீட்டில் தங்கவைத்து, சோறு போட்டு, விடியற்காலையில் எழுப்பிச் சாதகம் செய்யவைத்து, பாடத்தை ஒப்பிக்கவைப்பார்கள். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களே சொந்தக் கம்பெனி கண்டார்கள். நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபா ஒழுக்கத்துக்கும் பிரம்மாண்டமான காட்சி ஜோடனைக்கும் பேர்போனது. ஜெகந்நாத ஐயர் கம்பெனி எம்.ஆர். ராதாவை வளர்த்தது. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி நம் கணேசனை வளர்த்தது.

ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேஷங்கள் வகுக்கப்பட்டிருந்தாலும், பையனுக்கு ஒரு பார்ட் மட்டும் தெரிந்தால் கம்பெனியில் காலம் தள்ளமுடியாது. இன்றைக்குச் சீதைக்குக் காய்ச்சல் என்றால் பரதனாக நடிப்பவன் சேலை கட்டிக்கொண்டு வரவேண்டும். ஓரமாக நின்று தினமும் கேட்டுக் கேட்டே முழு நாடகமும் மனப்பாடம் ஆகியிருக்கும். மைக் இல்லாத கொட்டகை. கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல்லின் கடைசி எழுத்து கேட்கவேண்டும். ‘ழ’வும் ‘ள’வும் குழம்பினால் வாத்தியாரின் பிரம்பு பேசும். இதையெல்லாம் விடக் கொடியது மகரக்கட்டு. குரல் உடைந்துவிட்டால் நேற்றுவரை நாயகியாக இருந்தவன் இன்று கூட்டத்தில் ஒருவன். அந்த வருஷங்களைத் தாண்டி நின்றவனே நடிகன். எத்தனையோ பேர் நிற்கவில்லை. அவர்களுடைய பெயர்கள் எந்த மலரிலும் வருவதில்லை. பள்ளிக்கூடத்தையும் தாய்மடியையும் விட்டு வந்த அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலையை மறந்துவிட்டுக் கம்பெனிகளின் பெருமையை மட்டும் பாடுவது எனக்குச் சம்மதமில்லை.

1928 அக்டோபர் 1-இல் பிறந்த கணேசன் இந்த உலகத்துக்குள் நுழைந்தது ஏறக்குறைய ஏழு வயதில். கம்பளத்தார் ஆடிய கட்டபொம்மன் கூத்தைத் தந்தையோடு பார்த்ததுதான் விதை என்று தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். திருச்சிக்கு முகாம் வந்த கம்பெனியில், தனக்குத் தாய் தந்தை இல்லை என்று பொய் சொல்லிச் சேர்ந்ததையும் அவரே சொல்கிறார். பக்கத்துவீட்டுப் பையன் ராதாகிருஷ்ணனும் அதே கம்பெனிக்காரன். பிற்பாடு காகா ராதாகிருஷ்ணன் என்று நாடறிந்தவர். ராமாயணத்தில் கணேசனுக்கு முதலில் கிடைத்தது சீதை. பிறகு சூர்ப்பணகை, பரதன், இந்திரஜித் என்று அதே நாடகத்துக்குள்ளேயே எதிரும் புதிருமான வேஷங்கள். சீதையின் துயரத்தையும் அவளை வெறுக்கும் சூர்ப்பணகையின் சூழ்ச்சியையும் ஒரே பையன் வேறு வேறு இரவுகளில் நடித்திருக்கிறான். அவர் பின்னாளில் செய்த எதையும் இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

கம்பெனியின் முதல் அளவுகோல் பாடம். நாற்பதுகளின் நடுவில் அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்துக்குக் கதாநாயகன் தேவைப்பட்டபோது, அந்த நீண்ட வசனத்தைச் சில மணி நேரத்தில் படித்து அண்ணாவுக்கே கணேசன் நடித்துக்காட்டினார் என்பது நாடக உலகம் இன்றும் சொல்லும் செய்தி. பெரியார் மேடையில் ‘சிவாஜி’ என்று அழைத்தார், பெயர் நின்றது. ஆனால் அவரைச் சினிமாவுக்கு இழுத்துவந்தது அந்த வீர வேஷம் என்று நினைத்துவிட வேண்டாம். சக்தி நாடக சபாவில் அவர் நூர்ஜஹானாக, பெண்ணாக நடித்ததைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர் வேலூர் பி.ஏ. பெருமாள். அவர் பிடித்த பிடியில் 1952 அக்டோபர் 17-இல் ‘பராசக்தி’ வந்தது. தமிழ்ச் சினிமாவின் மிக ஆவேசமான நீதிமன்றக் காட்சியைத் தந்த நடிகரைத் தேடிக் கண்டெடுத்தது ஒரு ஸ்திரீபார்ட்டின் வழியாக என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

ராதாவின் பள்ளி கம்பெனிப் பாடத்துக்கு நேர்மாறு. சிறுவன் கணேசன் அவரோடு ஒரே மேடையில் நடித்தவர்தான். பாலபாடம் இருவருக்கும் கம்பெனிதான். ஆனால் ராதா எழுதிய பாடத்துக்குக் கட்டுப்பட்டவரில்லை. காலையில் பத்திரிகையில் படித்த சேதி இரவில் அவர் வசனத்தில் இருக்கும். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதமாகக் கேட்டது அதனால்தான். முப்பதுகளின் கடைசியில் சில படங்களில் தலைகாட்டிவிட்டு மேடைக்கே திரும்பிப் போனவரை, 1954-இல் அந்த நாடகமே மறுபடி திரைக்குக் கொண்டுவந்தது. அதைத் தயாரித்ததும் பராசக்தியின் பெருமாளே. ஒரு வாக்கியத்தைக் கீச்சுக்குரலில் தொடங்கிக் கரகரப்பில் முடிக்கும் அந்த வித்தையை நகல் செய்யாத பலகுரல் கலைஞர் கிடையாது. ஆனால் நகல் செய்பவர்களுக்குக் குரல் மட்டுமே கிடைக்கிறது, பின்னால் இருந்த கோபம் கிடைப்பதில்லை. ‘பலே பாண்டியா’வில் (1962) கணேசனும் ராதாவும் மாமனும் மருமகனுமாகக் கச்சேரி செய்யும் காட்சியை மறுபடி பாருங்கள். ஒருவர் அளந்து வைக்கிறார். மற்றவர் அளவைக் கலைக்கிறார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இடம்விட்டுக் காத்திருப்பதைப் பார்த்தால் ஒரே கம்பெனிச் சோறு என்பது தெரிகிறது.

இன்னொன்று சபா பள்ளி. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபாவிலிருந்து வரும் வழி அது. வக்கீல், குமாஸ்தா, உத்தியோகஸ்தர் என்று பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் ஆர்வத்தால் நடிக்கும் மரபு. பேச்சு வீட்டுப் பேச்சாக இருக்கவேண்டும் என்பதே அங்கே தேர்ச்சி. ஸ்ரீரங்கத்துச் சுஜாதா எழுத, பூர்ணம் விஸ்வநாதன் நடித்த ‘கடவுள் வந்திருந்தார்’, ‘ஊஞ்சல்’ இரண்டும் இதன் முதிர்ந்த கனிகள். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நாடகத்துக்கும் இதற்கும் உறவு நெருக்கம். முகமே தெரியாத இடத்தில் முழக்கம் எடுபடாது.

கணேசன் தம் பள்ளியைவிட்டு இந்தப் பள்ளியிலும் வந்து உட்கார்ந்தார். இதை யாரும் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் ஆதங்கம். வியட்நாம் வீடு சுந்தரம் எழுதிய ‘வியட்நாம் வீடு’ அவருடைய சிவாஜி நாடக மன்றத்தின் மேடையில் வளர்ந்து 1970-இல் படமானது. ஓய்வுபெறும் ஒரு பிராமண உத்தியோகஸ்தரின் வீட்டுக்குள் நடக்கும் கதை அது. ஒய்.ஜி. பார்த்தசாரதி குழுவினரின் ‘கண்ணன் வந்தான்’ நாடகம் 1973-இல் ‘கௌரவம்’ ஆயிற்று. அதில் பாரிஸ்டர் ரஜினிகாந்தும் அவரே, எதிர்த்து வாதாடும் வளர்ப்புப் பிள்ளை கண்ணனும் அவரே. ‘திருவிளையாடல்’ (1965) தருமி காட்சியைப் பள்ளிகள் மோதும் களமாகவே நான் பார்ப்பேன். தருமியாக வரும் நாகேஷ் சென்னையின் அமெச்சூர் மேடையிலிருந்து வந்தவர். அவருடைய உடம்பு நொடிக்கு நொடி துவள்கிறது. கணேசன் அசையாமல் நின்று குரலால் மட்டும் விளையாடுகிறார். தம்மைவிட மற்றவர் ஜொலிக்கும் காட்சியை ஒரு கதாநாயகன் அப்படியே இருக்க விட்டாரே, அதுவும் கம்பெனி கற்றுக்கொடுத்ததுதான். மேடையில் எதிரே நிற்பவன் தோற்றால் நாடகம் தோற்கும்.

அந்தப் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனும் டி.கே.எஸ். கம்பெனியில் வளர்ந்தவர். 1964-இல் அவர் ‘நவராத்திரி’யை எடுத்தபோது கம்பெனிப் பையனின் தேர்வைத்தான் திரையில் நடத்தினார்: ஒன்பது இரவு, ஒன்பது மனிதர். ஒன்பதில் எல்லாமே சமமல்ல. சில வேஷங்கள் ஒப்பனையோடு நின்றுவிடுகின்றன. ஆனால் தெருக்கூத்துக்காரனாக வரும் பகுதியில் மட்டும் அவருக்கு நடிப்பு என்ற கவனமே போய்விடுகிறது. கூத்து பார்த்துக் கெட்டுப்போன சங்கிலியாண்டபுரத்துப் பையன் அங்கே நிற்கிறான். கட்டபொம்மனும் அப்படித்தான். அந்த நாடகம் சக்தி கிருஷ்ணசாமி எழுத, 1957-இல் மேடையேறி, 1959-இல் படமாகி, 1960-இல் கெய்ரோ ஆசிய–ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்தது.

‘மிகை நடிப்பு’ என்று இன்றைய பிள்ளைகள் சொல்வதை நான் கேட்காமல் இல்லை. ஒரு பகுதி உண்மை. எழுபதுகளின் பிற்பாதியில் வந்த பல படங்களில், அவரை நிறுத்தச் சொல்லும் வாத்தியார் யாரும் இல்லை; கம்பெனியில் வளர்ந்தவருக்கு வாத்தியார் இல்லாமல்போனது பெரிய இழப்பு. ஆனால் கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பழக்கிய குரலைச் சபா நாடகத்தின் காதால் அளப்பது நியாயமில்லை. அதோடு, அளவைக் குறைக்கத் தெரியாதவர் அவர் என்பதும் தவறு. ‘அந்த நாள்’ (1954) பாட்டே இல்லாத படம். அதில் அவர் தேசத்தைக் காட்டிக்கொடுப்பவர். குரல் ஏறவே ஏறாது. ‘மோட்டார் சுந்தரம் பிள்ளை’யில் நாற்பதை எட்டாத வயதில் இரண்டு குடும்பத்துக்குத் தகப்பனாக எவ்வளவு அடங்கி நடக்கிறார்! ‘முதல் மரியாதை’யில் (1985) பாரதிராஜா என்ற வாத்தியார் கிடைத்ததும் எல்லா அணிகலனையும் கழற்றி வைத்துவிட்டார். ‘தில்லானா மோகனாம்பாள்’ நாயனத்தை வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் கணேசனின் உதட்டில் சீவாளி உட்காரும் விதத்தையும் மூச்சு பிடிக்கும் தாடையையும் பார்த்து, வாசிக்கிறவர்களே ஏற்றுக்கொண்டார்கள். பிறர் தொழிலின் உடம்பைப் படிக்கும் இந்தப் பழக்கம் ஓரமாக நின்று எல்லாப் பார்ட்டையும் பார்த்துவைத்த பையனுடையது.

1992-இல் ‘தேவர் மகன்’ வந்தது. பகைத்துப் பிரிந்த இரண்டு அண்ணன் தம்பிகள் அதில் உண்டு. பெரிய தேவர் கணேசன்; தம்பி காகா ராதாகிருஷ்ணன். பக்கத்துப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரே கம்பெனிக்குப் போன இருவர் முதுமையில் திரையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். சங்கிலியாண்டபுரத்துக்காரர்கள் அன்று தியேட்டரில் எதைப் பார்த்தார்களோ, அது மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது.

கம்பெனிகள் திரும்பி வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்துத்தான் கலை வளரவேண்டும் என்றால் அந்தக் கலையே வேண்டாம். ஆனால் அவர்களின் ஒரு வழக்கத்தை நாம் இன்றே எடுத்துக்கொள்ளலாம். கே.கே. நகர்ப் பள்ளிகளில் ஆண்டுவிழா நாடகத்துக்கு ஒத்திகை நடக்கும்போது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பார்ட்டை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். முழு நாடகத்தையும் கொடுங்கள். ஒத்திகையில் ஒரு நாள் வேஷத்தை மாற்றிப் பேசச் சொல்லுங்கள்: ராஜா சேவகனாகட்டும், சேவகன் ராணியாகட்டும். மைக்கை அணைத்துவிட்டு, தமிழாசிரியர் அரங்கின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேட்கட்டும்.