சுண்டெலிக்குப் பலித்த மருந்து

குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள மலைகளில் வாழும் காணிப் பழங்குடிகளுக்கும், எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் மாவட்ட மலைகளில் வாழும் காணிகளுக்கும் காடு ஒன்றுதான். அந்த அகத்தியமலைக் காட்டில் தரையோடு தரையாக வளரும் ஒரு சிறுசெடி ஆரோக்கியப்பச்சை. 1987-ல் புஷ்பாங்கதன் தலைமையில் தாவரவியலாளர் குழு ஒன்று மலையேறியது. குழுவினர் நடந்து தளர்ந்தார்கள். வழிகாட்ட வந்த காணிகள் தளரவில்லை. இடையிடையே ஏதோ ஒரு காயை மென்றுகொண்டிருந்தார்கள். குழுவினரும் வாங்கித் தின்றார்கள், தெம்பு வந்தது. பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் தரப்பட்டது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி, இரண்டிலும் பாதி காணிகளுக்கு. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி என்று உலகமே இதைப் பேசியது. அந்தப் பாராட்டு நியாயமானது.

நான் எடைபோட நினைப்பது இதன் இன்னொரு பக்கத்தை. 1997-ல் இதே செடியைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. இலைச்சாற்றைக் கொடுத்தபோது ஆண் சுண்டெலிகளின் புணர்ச்சி வேகம் கூடியது. அவற்றுக்குப் பிறந்த குட்டிகளும் இயல்பாக இருந்தன. ஆய்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கி வந்த முடிவில்தான் கோளாறு. காணிகள் தின்றது காய், சோதித்தது இலை. காணிகள் சொன்னது களைப்பு தீரும் என்று, சந்தை கேட்டுக்கொண்டது ஆண்மை பெருகும் என்று. ஜீவனியில் இந்தச் செடி மட்டுமல்ல, அமுக்கராவும் வேறு மூலிகைகளும் உண்டு. எது என்ன வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. தலைமுறைகளாக மலைமக்கள் தின்ற காயைக் கண்டு பயப்படக் காரணம் எதையும் நான் காணவில்லை. ஆனால் அதை ஆண்மை மருந்தாக நிறுத்த ஒரு சுண்டெலிச் சோதனை போதாது.

நம் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமானவை ஜாதிக்காயும் கிராம்பும். இங்கே விளையும் கிராம்புக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஜாதிக்காய் வெடித்து உள்ளே செக்கச்செவேல் என்று பத்திரி தெரிவதைத் தோட்டத்தில் பார்த்தவர்களுக்கு அது எத்தனை வீரியமான சரக்கு என்று சொல்லவேண்டாம். 2003-ல் அலிகார் ஆய்வாளர்கள் இவை இரண்டின் சாற்றையும் ஆண் சுண்டெலிகளுக்குக் கொடுத்து வீரியம் கூடியதைக் கண்டார்கள். கொடுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 500 மில்லிகிராம். மருந்தியலில் வழக்கமாகச் செய்யும் முறையில் இதை 60 கிலோ மனிதனுக்கு மாற்றினால் சுமார் இரண்டரை கிராம் சாறு வரும். அவ்வளவு சாறு இறக்க, அதைவிடப் பல மடங்கு ஜாதிக்காய் வேண்டும். ஒரு முழுக் காயின் எடையே ஐந்து, ஆறு கிராம்தான். அந்த அளவைத் தாண்டினாலே நெஞ்சு படபடத்து, வாய் வறண்டு, தலை சுற்றி, இல்லாதது கண்ணில் தெரியத் தொடங்கும். பலன் கண்ட அளவு எங்கேயோ, அதற்கு முன்பே நஞ்சாகும் அளவு வந்துவிடுகிறது. நம் வைத்தியர்கள் ஜாதிக்காயைக் குன்றிமணிக் கணக்கில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. பாலில் ஒரு சிட்டிகை கலந்து குடிப்பவருக்குக் கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. ‘கூடச் சேர்த்தால் கூடக் கேட்கும்’ என்று ஒன்றிரண்டு காய்களை உரைத்துக் குடிப்பவர் ஆஸ்பத்திரிக்குப் போவார்.

ஆசை வேறு, விறைப்பு வேறு, விந்தணு எண்ணிக்கை வேறு. ‘தாது புஷ்டி’ என்று டப்பாவில் அச்சடிப்பவர்கள் மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். பூனைக்காலி விதையை எடுத்துக்கொள்வோம். குழந்தையில்லாத ஆண்களிடம் அது விந்தணுவைக் கூட்டியதாக லக்னோ ஆய்வு சொல்கிறது. அது ஆசையைப் பற்றிய ஆய்வல்ல. தவிர, அந்த விதையில் இருப்பது லெவோடோபா, பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அதே பொருள். மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுபவர் இதைத் தன்னிஷ்டத்துக்குச் சாப்பிடக்கூடாது. அமுக்கரா ஓரளவு மனித ஆய்வுகளைக் கண்ட மருந்து. ஆனாலும் அதனால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. ஹார்மோன் பாதிப்பு உள்ளிட்ட வேறு காரணங்களுக்காக டென்மார்க் 2023-ல் தடையே விதித்தது. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். ஆனால் மஞ்சள்காமாலை வந்து தேறியவர் அதைத் தொடவேண்டாம்.

இதுவரை சொன்னவை பெயர் தெரிந்த சரக்குகள். பெயர் தெரியாத லேகியத்துக்கு வருவோம். தின்ற ஒரு மணி நேரத்தில் ‘கேட்கிற’ லேகியத்தில் எந்த மூலிகை இருக்கிறது என்று தேடுவதைவிட, எந்த மாத்திரையைப் பொடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்பதே சரி. மூலிகை என்று விற்ற ஆண்மை மருந்துகளில் சில்டெனாஃபில், அதாவது வயாக்ராவின் மருந்துப் பொருள், கலந்திருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. டாக்டர் சீட்டில் அளவோடு வாங்கினால் அது நல்ல மருந்து. அளவே தெரியாமல், பெயரே தெரியாமல் உள்ளே போனால்?

ஒரு மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்தைந்து, சர்க்கரை உண்டு. ராத்திரி நெஞ்சுவலி. டியூட்டி டாக்டர் கேட்கிறார், ‘வேற மருந்து ஏதாவது சாப்பிட்டியளா?’ மனைவி பக்கத்தில் நிற்கிறாள். ‘ஒண்ணும் இல்ல டாக்டர்.’ நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை வைக்கிறார்கள். உள்ளே சில்டெனாஃபில் இருந்தால் இரண்டும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைச் சடாரென்று இறக்கும், உயிரே போகலாம். நைட்ரேட் கொடுத்த டாக்டர் செய்தது சரியான வைத்தியம். லேகியம் தின்றவருக்கும் அதில் என்ன இருந்தது என்று தெரியாது.

இந்தச் சரக்குகளின் மேல் எனக்கு உள்ள பெரிய கோபம் வேறு. ஆண்குறிக்குப் போகும் ரத்தக்குழாய் இதயக்குழாயைவிட மெல்லியது. கொழுப்போ சர்க்கரையோ குழாயைக் கெடுக்கத் தொடங்கினால் முதலில் அங்கேதான் தெரியும். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைவு தலைகாட்டுவது இதயநோய் மருத்துவர்கள் அறிந்த சங்கதி. அப்போது டாக்டரிடம் போனவருக்கு அவகாசம் கிடைக்கிறது. லேகியக் கடைக்குப் போனவருக்கு அந்த ஆண்டுகள் வெட்கத்திலேயே கழிகின்றன. ஆண்மைக் குறைவுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆனால் அது பிடிப்பது விளம்பரத்தை. டப்பாவைத் திறந்து சோதிப்பது வேறு வேலை, அது போதுமான அளவு நடக்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. உணவாகப் பழகிய சரக்கு, உணவின் அளவில் பாதுகாப்பானது. ஆண்மை மருந்து என்ற பட்டத்துக்கு அது இன்னும் தகுதி பெறவில்லை. படித்த வைத்தியர் நாடி பார்த்து, மற்ற மாத்திரைகளைக் கேட்டு, அளவும் பத்தியமும் சொல்லிக் கொடுப்பதைச் சாப்பிடலாம். நாகர்கோவில் கோட்டாற்றிலேயே அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. உற்பத்தி உரிம எண்ணும் சேர்மானமும் அச்சடிக்காத டப்பா எதுவானாலும், எவ்வளவு நல்லவர் கொடுத்தாலும், வேண்டாம். இதயநோய்க்காரர்களுக்கு இதில் சலுகையே கிடையாது. நாற்பதைத் தாண்டியவருக்கு இந்தக் குறை புதிதாகத் தெரிந்தால், எந்த மருந்துக்கும் முன்னால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலோ சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, இ.சி.ஜி. நான்கையும் பார்த்துவிட வேண்டும்.