சித்தன்னவாசல் ஓவியங்களும் ‘மூலிகை வண்ணம்’ என்னும் பிழையும்

புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள சித்தன்னவாசல் சமணக் குகைக்கோயிலைப் பற்றி எழுதுவோர் பலர், அங்குள்ள ஓவியங்கள் “மூலிகைச் சாற்றால் தீட்டப்பட்டவை” என்று எழுதிவிடுகின்றனர். மாணவர் கட்டுரைகளில் இவ்வரியை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். பாராட்டுவதாக எண்ணி எழுதப்படும் இவ்வரி, ஓவியர்களின் உண்மையான அறிவை மறைத்துவிடுகிறது.

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் எஸ். பரமசிவன், 1930களில் தமிழகச் சுவரோவியங்களின் வண்ணங்களைப் பகுத்தாய்ந்தார். சுண்ணாம்பு வெள்ளை, செங்காவி, மஞ்சட்காவி, பச்சைமண், கரி ஆகியவையே அடிப்படை நிறங்கள். நீலத்துக்கு மட்டும் விலையுயர்ந்த லாபிஸ் லசூலி கல். கரி நீங்கலாக எல்லாம் மண்ணும் கல்லுமே.

இதற்குக் காரணம் சுவர்தான். ஓவியத்தின் அடித்தளம் சுண்ணாம்புச் சுதை. அது கடுமையான காரத்தன்மை உடையது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவந்து ஆரத்தி நீர் ஆவதை நாம் வீட்டில் பார்த்திருக்கிறோம். சாற்று நிறங்கள் பலவும் அவ்வாறே மாறும் அல்லது நாளடைவில் வெளிறும். காவியின் நிறமோ இரும்பு ஆக்சைடால் ஆனது. சுண்ணாம்பாலும் வெயிலாலும் அது கெடுவதில்லை. மஞ்சட்காவியைச் சுட்டால் நீர் நீங்கிச் சிவப்பாகும். ஒரே மண்ணிலிருந்து இரு நிறம்! அஸ்தினாபுரத்தில் நாங்கள் கோலத்துக்கு வாங்கும் காவிக்கட்டியும் இந்த இனமே.

சித்தன்னவாசல் விதானத்துத் தாமரைக் குளத்தை இந்த அறிவோடு பார்க்க வேண்டும். இலை, மலர், மீன், யானை, பூக்கொய்யும் மனிதர் என அவ்வளவும் ஒரு கைப்பிடி நிறங்களுக்குள் அடங்கியுள்ளன. நிறக்குறைவைக் கோட்டின் நெளிவு ஈடுசெய்கிறது. தண்டைப் பிடித்திருக்கும் விரல்களில் அது நன்கு தெரியும். இக்கோயிலை மகேந்திரவர்மன் காலத்தது என முதலில் கருதினர். 9-ஆம் நூற்றாண்டில் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததை அங்குள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு கூறுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டறிந்த சோழர் ஓவியங்களிலும் மண்நிறங்களே மிகுதி. அங்கே ஈரச் சுதையின்மேல் தீட்டினர். சுதை காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போது நிறமும் அதனுள் பிணைந்துகொள்கிறது.

ஆகவே “மூலிகை வண்ண இரகசியம் அழிந்துவிட்டது” என்று வருந்துவதில் பொருளில்லை. செங்காவி இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. சித்தன்னவாசலில் அழிந்துகொண்டிருப்பது சுதை. அது உதிரும் இடத்தில் நிறமும் சேர்ந்து உதிர்கிறது. பார்வையாளர்களின் கைபட்டுச் சிதைந்த பகுதிகளை அங்கே இப்போதும் காணலாம்.