பஃறியும் படப்பையும்

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பட்டினப்பாலை 301 அடிகளையுடையது. அதன் முற்பகுதியில் சோழநாட்டு வளத்தை எடுத்துரைக்கும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வெண்மையான உப்பை விற்று அதற்கு மாறாக நெல்லை ஏற்றிவந்த பஃறிகள் கரையிற் கட்டுண்டு கிடப்பதனைப் பந்தியிற் கட்டிய குதிரைகளோடு ஒப்பிடுகின்றார். பஃறி என்பது படகுவகையுள் ஒன்று. இவ்வுவமையை வகுப்பில் விளக்குவோர் பெரும்பாலும் ‘வரிசையாக நிற்றல்’ என்னும் ஒரு தன்மையைக் கூறி மேலே சென்றுவிடுகின்றனர். வரிசைதான் கருத்தெனின் கொக்கு நிரையும் பனைநிரையும் போதியனவாம். குதிரையைத் தேடிச்செல்ல வேண்டுவதில்லை. ஆகவே வரிசையின் மேலும் ஏதோ ஒன்று இவ்வுவமையிற் பொதிந்துள்ளது என்பதே எம் கருத்து.

அவ்வொன்று நமக்குப் புலப்படாமைக்குக் காரணம் நூலில் இல்லை; நாம் வாழும் ஊர்களில் உள்ளது. விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். திருமுதுகுன்றம் எனத் தேவாரம் போற்றும் இவ்வூர் மணிமுத்தாற்றின் கரையது. ஆண்டின் பெரும்பகுதி ஆறு மணலாகவே கிடக்கும். மழைக்காலத்துப் பெருகும், பெருகிய விரைவிலேயே வடியும். வீட்டுக்கு அண்மையில் ஓடம் ஒன்றனைக் கட்டிவைத்து, வேண்டும்போது அவிழ்த்துச் செல்லும் வாழ்க்கைக்கு இவ்வாறு இடந்தருவதன்று. இன்று இவ்வூருக்குப் பெயர் தருவது பீங்கான் தொழில். நெய்வேலிப் பக்கத்து வெண்களிமண் இங்கு வந்து சூளையில் வெந்து கலங்களாகவும் பொம்மைகளாகவும் வெளிச்செல்கின்றது. செல்வது இருப்புப்பாதை வழியும் சாலை வழியுமே, ஆற்றின் வழியன்று. மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்து, அவ்வெள்ளாறு பரங்கிப்பேட்டையை அடுத்துக் கடலை நெருங்கும் இடத்திலேதான் படகு கட்டும் கரை காணக்கிடைக்கும்.

இம்மணிமுத்தாறு ஏற்றிச் சென்றதாக நூல் கூறும் சரக்கு ஒன்றே. சுந்தரர் இங்கே பெற்ற 12,000 பொன்னை ஆற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணச் செய்தி. ஓடமும் இல்லை, ஓட்டுவோனும் இல்லை. பொன் தானே சென்றது. படகு ஓடாத ஆற்றுக்கு இதனினும் பொருத்தமான புராணம் அமைதல் அரிது. இங்கே அமர்ந்து பட்டினப்பாலை பயிலும் மாணவன், கட்டிய படகு என்றவுடன் ஓர் ஓவியத்தையே நினைக்கின்றான். ஓவியத்துப் படகு அசையாது; அவன் கண்ணுக்கு வரிசை ஒன்றே தெரிவதில் வியப்பில்லை.

இனி நூலுக்கு வருவோம். நோக்கத்தக்கது, படகு கட்டிய இடத்தை அடுத்துப் புலவர் கூறும் சொல். அப்படகுகள் கிடக்கும் கழி, படப்பைகளைச் சூழ்ந்தது என்கின்றார். படப்பையாவது மனையை ஒட்டிய தோட்டம். இன்று நாம் கொல்லை என்கின்றோமே, அது. எனவே இவை பெருந்துறையில் அயலார் கலங்களோடு நெருங்கி நிற்பன அல்ல. கொல்லைப்புறத்து நீரிற் கிடப்பன. முன்வாயிலில் தெரு, பின்வாயிலில் கழி. உப்பு விற்கச் சென்றவன் நெல்லோடு திரும்பித் தன் மனையின் பின்புறமே கரையேறுகின்றான். பட்டினத்தின் பெருவாணிகத்தையும், ஏற்றுமதி இறக்குமதிப் பொதிகளையும், புலிப்பொறி இடும் சுங்கத்தையும் புலவர் பின்னரே பாடுவார். அவற்றிற்கெல்லாம் முன்னதாக, தனிமனையின் சிறுபடகைப் பாடிவிட்டார் என்பது உரைகாரர் போதிய அளவு கவனியாத ஒழுங்கு.

இவ்விடத்தை உளங்கொண்டால் குதிரையுவமை உயிர்பெறும். கழியின் நீர் நிலைநீர் அன்று. கடலின் ஏற்ற வற்றத்திற்கு ஏற்ப, சிறிதளவேனும் உயர்ந்து தாழ்வது. கயிற்றைக் குறுகக் கட்டினால் நீர் வடிந்தபோது படகு ஒருபுறம் சாய்ந்து தொங்கும். நெடுக விட்டால் அயலான் படகோடு மோதும். நீர் இழுக்கும் திசையெல்லாம் படகு திரும்பும்; கயிறு தடுக்க மீளும். கட்டுத்தறியில் நின்றவாறே கால்மாற்றித் தலையசைத்துக் கயிற்றை இழுக்கும் குதிரையைக் கண்டவர்க்கு இவ்வொப்புமை விளங்கும். மேலும், பந்திக்குதிரை வாளா நிற்பதன்று. உடையவன் நாள்தோறும் பேணுவது. படகும் அத்தகையதே. உலரவிட்டால் பலகை வெடிக்கும். ஊறவே விட்டால் அழுகும். மழை பெய்த இரவில் உடையவன் எழுந்து சென்று உள்நீரை இறைத்தாக வேண்டும். ஓய்வு கொள்ளும்போதும் உடையவனின் கவனத்தை வேண்டுவது என்பதே இரண்டற்கும் உள்ள உறவு. வரிசை இவ்வுறவின் புறத்தோற்றமே.

இன்னொன்றும் கூறலாம். கழிக்கரையில் வாழ்வோனுக்குப் படகை விளக்கக் குதிரை வேண்டுவதில்லை. உவமை தெரிந்ததைக்கொண்டு தெரியாததை விளக்குவதாயின், புலவர் முன்னிருந்த அவையினர் குதிரையை நன்கறிந்து படகைச் சிறிதே அறிந்தவர் ஆதல் வேண்டும். வேந்தன் அவையின் இயல்பு அதுவே. இன்றைய மாணவனோ இரண்டனையும் அறியான். அவனுக்கு உவமையும் பொருளும் ஒருங்கே உரை வேண்டுவனவாயின.

அவனுக்கு உதவத்தக்க உரை அதே புலவரிடம் உண்டு. பெரும்பாணாற்றுப்படையும் உருத்திரங்கண்ணனார் பாடியதே. அதனுள் உப்பு வாணிகராகிய உமணரின் வண்டிகள் வருகின்றன. வண்டியில் கோழி அடையும் கூடு. முன்புறத்தே காடி பெய்த கலம் கயிற்றாற் கட்டப்பட்டுள்ளது. கைக்குழந்தையுடையாள் ஒருத்தி எருதுகளை ஓட்டிவருகின்றாள். வண்டியே மனையாகி நகர்கின்றது. அதே உப்பு, அதே விற்பனை. நீர்வழியிற் படகு மனையின் பின்புறத்தே கட்டப்படுகின்றது, நிலவழியில் மனை முழுவதும் வண்டியில் ஏறுகின்றது. வாயிலில் மாடுகட்டி வாழ்ந்த முதியோர் விருத்தாசலப் பகுதியில் இன்றும் உளர். அவர்க்குப் பஃறியை விளக்கத் தொழுவத்து எருதே போதும். ஆசிரியர் அங்கிருந்து தொடங்கிக் கழிக்கரை சேர்தல் எளிது.

கட்டுத்தறி கற்பனையன்று என்பதற்கு மண்ணும் சான்று பகர்கின்றது. பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960-களின் முற்பகுதியில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, செங்கல்லால் ஆகிய படகுத்துறை ஒன்றும், படகு கட்டுதற்கென நட்ட மரத்தூண்களும் வெளிப்பட்டன. அத்தூண்களின் காலத்தைக் கரிமக் கணிப்புக் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் வைத்தது. முசிறியாகலாம் என ஆய்வாளர் பலர் கருதும் கேரளத்துப் பட்டணத்தில் 2007-இல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள மரத்தோணி ஒன்று கிடைத்தது. அதன் அருகே தறிகளும் இருந்தன. தோணி அயினிமரத்தால் ஆயது. இவை பொதுத்துறைகள், மனைத்துறைகள் அல்ல. ஆதலின் எம் கருத்தை இவை நிறுவா. எனினும் நீரில் நின்ற தறியொன்று ஈராயிரம் ஆண்டு மண்ணுள் நிற்க வல்லது என அறிந்தபின், அவ்வடிகளைக் கற்பனையழகு என்று மட்டும் கூறிக் கடத்தல் இயலாது.

முசிறி என்றவுடன் புறநானூற்று 343-ஆம் பாட்டு நினைவுக்கு வரும். பரணர் பாடிய அப்பாட்டில், மீன் விற்றுப் பெற்ற நெல்லைக் குவித்த அம்பிகள் மனைகளோடு மயங்கித் தோன்றுகின்றன. மனைகளிற் குவித்த மிளகு மூடைகளோ கரையோடு மயங்குகின்றன. எது வீடு, எது படகு என்ற ஐயம் பிறக்கின்றது. உயர்வு நவிற்சி என ஒதுக்கற்க. வீட்டுக்கும் படகுக்கும் இடையே பல தெருக்கள் இருப்பின் அம்மயக்கம் பிறவாது. பரணர் காட்டும் ஊரிலும் படகு மனையின் ஓர் உறுப்பே. நெல் அதிற் கிடக்கும்வரை அதுவே குதிர்.

இதற்கு நேர்மாறானது பொதுத்துறை ஓடம். சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரியிறுத்த காதையில் வையைத்துறையிற் குதிரைமுகமும் யானைமுகமும் அரிமுகமும் கொண்ட ஓடங்கள் இயங்குகின்றன. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அவற்றுள் ஏறவில்லை, மரப்புணையில் கடக்கின்றனர். காவிரிப்பூம்பட்டினத்தில் வணிகர் குடியிற் பிறந்தவன், அயலூர்த் துறையிற் புணையை நாடுகின்றான். இளங்கோவடிகள் இதற்கு விளக்கம் ஒன்றும் சேர்க்கவில்லை. முகம் பொறித்த ஓடங்களை முன்னே நிறுத்தியதே போதுமென விட்டார்.

கம்பர் குகனை ஆயிரம் ஓடங்களுக்குத் தலைவனாக்கினார். வான்மீகத்தில் அவன் படகுகள் ஐந்நூறு. எண்ணை இருமடங்காக்கியது பெருமைக்கெனவே கொள்ளலாம். ஆயிரம் ஓடங்களை உடையவன் எதனையும் கொல்லையிற் கட்டிப் பேணுவான் அல்லன். வங்கத்தில் தாகூர் குடும்பத்திற்குரிய ‘பத்மா’ என்னும் படகு வேறொரு வகை. இரவீந்திரர் அதில் நாட்கணக்கில் தங்கி எழுதினார். அங்கே படகு மனையை விட்டு விலகித் தனித்திருத்தற்கு ஆயது. பரணர் அம்பியோ மனைக்குள் புகுந்து கலப்பது.

பொதுத்துறை ஓடத்தின் குறையை முழுமையாக உணர்ந்தவர் சேக்கிழார் எனலாம். திருக்கொள்ளம்பூதூருக்கு எதிர்க்கரையில் சம்பந்தர் அடியார்களோடு வந்து நிற்கின்றார். ஆறு பெருகியோடுகின்றது. ஓடம் உண்டு, செலுத்துவோர் இலர், வெள்ளத்தின் மிகுதி கண்டு விட்டகன்றனர். கண்முன்னே கோயில், காலடியில் ஓடம், இடையே ஒரு கயிறு. தன் கொல்லையில் ஓடம் உடையவனுக்கு இந்நிலை நேர்வதில்லை. பிறர் ஓடத்தை நம்பியவனுக்கே நேரும். சம்பந்தர் கட்டை அவிழ்த்து அடியாரை ஏற்றுவித்துத் தம் நாவையே கோலாகக் கொண்டு பதிகம் பாட, ஓடம் அக்கரை சேர்கின்றது. அற்புதத்தைப் போற்றுவோர் ஓடம் சென்றதனையே பேசுவர். உடையவர் இல்லாதபோது பிறர் ஓடத்தின் கயிற்றில் கைவைத்த துணிவையும் சேக்கிழார் பாடியுள்ளார். உருத்திரங்கண்ணனார்க்குக் கட்டும் கயிறு எத்தகையதோ, சேக்கிழார்க்கு அவிழும் கயிறும் அத்தகையது. அவ்வூரில் ஐப்பசித் திங்களில் இன்றும் ஓடத்திருவிழா எடுக்கின்றனர்.