கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழ்

பழைய ஜாவா போன்களிலும் தொடக்க கால ஆண்ட்ராய்டு போன்களிலும் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். போனில் தமிழ் எழுத்துரு கிடையாது. சாதாரணமாகப் போட்டுக்கொள்ளவும் வழியில்லை. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கொரு வைத்தியம் தமிழ் வாசகர்களிடையே பரவியது. நார்வே நாட்டு உலாவியான ஓப்பரா மினியை இறக்கி, முகவரிப் பட்டையில் ‘ஓப்பரா:கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். வரும் பட்டியலில், எழுத்துகளைப் படமாகக் காட்டலாமா என்பதற்கு எதிரே உள்ள ‘நோ’வை ‘யெஸ்’ ஆக்கிச் சேமித்தால் போதும், தமிழ் தெரிந்துவிடும்.

போன் நிறுவனங்கள் செய்யாததை ஓர் உலாவியின் ஒற்றை அமைப்பு செய்தது. உலாவியை மாற்றுவதை வெறும் ரசனை சார்ந்த விஷயமாக ஒதுக்குபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஓப்பரா மினி பக்கத்தைத் தன் சர்வரில் முதலில் திறந்து, சுருக்கி, பிறகே போனுக்கு அனுப்பும். 2ஜி காலத்தில் டேட்டா செலவு பெருமளவு குறைந்தது. ஆனால் எழுத்து படமாக வந்ததால் அந்த மிச்சத்தில் ஒரு பங்கு அதிலேயே கரைந்தது. ஒரு வரியைக்கூட நகலெடுக்க முடியாது. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பூட்டிய வங்கிப் பக்கமும் அந்த சர்வரில் பூட்டுத் திறக்கப்பட்டே வந்தது. கடவுச்சொல்லின் பாதுகாப்பு மூன்றாவது ஆள் ஒருவரின் நேர்மையில் நின்றது.

சுண்ணாம்புக்குளம் போன்ற பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களுக்கு, டேட்டா மிச்சத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான இந்த வேறுபாடு முக்கியம். மீன் கிடைக்கும் இடங்களைப் பற்றி ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தமிழிலும் அறிவிப்பு தருகிறது. அதைப் பார்க்க டேட்டாவை மிச்சம் பிடிக்கும் உலாவி நல்ல துணை. பணம் அனுப்ப அதே உலாவி ஆகாது. ஒரே போனில் இரண்டு உலாவி வைத்துக்கொள்வதே சரியான ஏற்பாடு.

மலிவான போன்களில் இன்னொரு பெயரும் செல்வாக்காக இருந்தது: யூசி பிரவுசர். பயனரின் இருப்பிடமும் அடையாளமும் அதிலிருந்து கசிவதாக டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015இல் வெளிப்படுத்தியது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று.

கணினியில் கதை வேறு. யூனிகோடு வேரூன்றும்வரை தமிழ் நாளிதழ்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. ஃபயர்ஃபாக்ஸில் ‘பத்மா’ என்ற நீட்சியைச் சேர்த்தால், அத்தகைய பல பக்கங்களை அது அங்கேயே யூனிகோடாக மாற்றிக் காட்டும். அருமையான கருவி அது. ஆனால் 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57, பழைய முறையில் எழுதிய நீட்சிகள் அனைத்தையும் கைவிட்டது. அதற்குள் பெரும்பாலான இதழ்கள் யூனிகோடுக்கு வந்துவிட்டதால் தமிழ் வாசிப்புக்குப் பெரிய சேதமில்லை. பல ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்துத் தம் உலாவியைச் செதுக்கியவர்களுக்கோ அது உண்மையான இழப்பு. தயாரிப்பவர் ஒரு முடிவெடுத்தால் பயனரின் அலங்காரம் ஒரே நாளில் உதிர்ந்துவிடும் என்பது உலாவியைச் செதுக்கும் பழக்கத்தின் தீராத பலவீனம்.

இந்திய நிறுவனமான ஸோஹோ 2023 மே மாதம் வெளியிட்ட ‘உலா’ என்ற உலாவி, வேலைக்கு, சொந்த உபயோகத்துக்கு, குழந்தைகளுக்கு எனத் தனித்தனி முறைகள் கொண்டது. விளம்பரத் தடுப்பும் உள்ளேயே இருக்கிறது. இந்திய உலாவிக்காக மத்திய அரசு நடத்திய போட்டியில் 2025இல் முதல் பரிசும் பெற்றது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனாலும் அதன் அடித்தளம், கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம். குரோமை விட்டு உலாவுக்கு வருபவர் தம் தரவைக் கையாளும் நிறுவனத்தை மாற்றுகிறார். பக்கத்தை வரைந்து காட்டும் எந்திரத்தை மாற்றவில்லை. அந்த எந்திரத்தையே சொந்தமாக வைத்திருக்கும் பெரிய உலாவிகளில், கூகுள், ஆப்பிள் இரண்டுக்கும் வெளியே நிற்பது ஃபயர்ஃபாக்ஸ்தான்.

அதன் கணினிப் பதிப்பில், தமிழுக்கென்று தனி எழுத்துருவும் தனி அளவும் தேர்ந்தெடுக்கலாம். ஆங்கிலத்தின் அருகே தமிழ் சிறுத்துத் தெரியும் தொல்லை அதில் தீர்கிறது. அதன் ஆண்ட்ராய்டு பதிப்பின் அமைப்புகளில் அந்த வசதி இல்லை. ஏரிக்கரை வாசகர் கையில் இருப்பதோ போன்.